மூன்று இரவா, ஒரு பகலா, ஒரு மதியச் சாப்பாடா?

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி கேன்டீனில் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாகப் பிரிந்து உட்காருவது பழைய கதை. கூடைப்பந்து ஆடுபவர்கள் ஒரு மேசை, இசைக்குழு ஒரு மேசை, இந்தியப் பிள்ளைகள் ஒரு மேசை. இவர்களை ஒருவரோடு ஒருவர் பழக வைக்கப் பள்ளிகள் செய்து பார்ப்பவற்றில் மூன்று: மிக்ஸ் இட் அப், சேலஞ்ச் டே, கைரோஸ்.

மிக்ஸ் இட் அப் 2002-ல் வந்தது. ஒரு நாள் மதியம் மட்டும் வழக்கமான மேசையை விட்டுவிட்டு வேறு ஆட்களோடு சாப்பிட வேண்டும். செலவில்லை, சங்கடமும் இல்லை. ஆனால் பெயர் கேட்டு முடிப்பதற்குள் மணி அடித்துவிடும்.

சேலஞ்ச் டே 1987-ல் கலிபோர்னியாவில் தொடங்கியது. வெளியிலிருந்து வரும் பயிற்சியாளர்கள் நூறு மாணவர்கள் வரை ஒரே ஹாலில் வைத்து, பள்ளி நேரம் முழுக்க நடத்துகிறார்கள். காலையில் விளையாட்டும் கூச்சலுமாகப் போகும். அப்புறம் தரையில் ஒரு கோடு. "குடிப்பழக்கத்தால் வீட்டில் அவதிப்பட்டவர்கள் தாண்டுங்கள்" என்பது போல ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். யாரும் பேசக்கூடாது. தாண்டிப்போய்த் திரும்பி நின்றால், இதுவரை முகம் கொடுத்துப் பேசாத ஒருவன் பக்கத்தில் நிற்பான். பலமான நிமிடம்தான். எம்டிவி 2010-ல் இதை வைத்து ஒரு தொடரே எடுத்தது. எனக்கு உறுத்துவது அதற்குப் பிறகு வருவது. மதியம் இரண்டு மணிக்கு அழுத பிள்ளை மூன்று மணிக்கு ஸ்கூல் பஸ்ஸில் ஏறிவிடும். நடத்தியவர்கள் மறுநாள் வேறு ஊரில் இருப்பார்கள்.

கைரோஸ் கத்தோலிக்கப் பள்ளிகளுடையது, இயேசு சபைப் பள்ளிகளில் அதிகம். பெரும்பாலும் வெளியூரில் மூன்று இரவுத் தங்கல். பல இடங்களில் செல்போனோடு கைக்கடிகாரத்தையும் வாங்கி வைத்துவிடுவார்கள். ஏற்கெனவே போய்வந்த மாணவர்கள்தான் நடத்துகிறார்கள். தங்கள் வாழ்க்கையைப் பற்றிய உரையை முன்கூட்டியே எழுதி, படித்துக் காட்டித் திருத்திக்கொண்டு வருவார்கள். அதைக் கேட்ட பிறகு சிறு குழுக்களாக உட்கார்ந்து பேச்சு. எது வெளியே வரலாம், எது வேண்டாம் என்று யோசிக்க உரை சொல்பவனுக்கு நேரம் கிடைக்கிறது. கோட்டின் முன் நிற்பவனுக்கு அது கிடையாது. நடுவே, பெற்றோர் ரகசியமாக எழுதி அனுப்பிய கடிதங்களும் வரும். ("நன்றாகப் படி, உடம்பைப் பார்த்துக்கொள்" என்பதற்கு மேல் எழுதத் தெரியாத நம் அப்பாக்களுக்கு இது பெரிய சோதனை.)

பிரிந்து கிடப்பவர்கள் சரிசமமாக, பொதுவான இலக்கோடு, சேர்ந்து வேலை செய்தால்தான் வெறுப்பு குறையும் என்று அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-லேயே எழுதினார். மாணவரே நடத்துவதில் அந்தச் சமநிலை பாதி வந்துவிடுகிறது. மைக் பிடித்த பெரியவரிடம் அது வராது.

கைரோஸிலும் குறை உண்டு. உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பொத்திப் பொத்தி வைப்பதால் போனவர்கள், போகாதவர்கள் என்று புதிதாக இரண்டு கட்சி முளைக்கிறது. தூக்கம் கெட்ட மூன்றாம் நாளில் எல்லாரும் உருகுவதை முழுதாக நம்பவும் முடியாது. மத நிகழ்ச்சி என்பதால் அரசுப் பள்ளியில் அப்படியே நடத்தவும் வழியில்லை.

அரசுப் பள்ளி மாணவர் குழு கேட்டால், வார இறுதியில் இரண்டு இரவுத் தங்கலைத்தான் சொல்வேன். நடத்துவது மாணவர்கள், முன்தயாரிப்பு கைரோஸ் மாதிரி, ரகசியம் வேண்டாம். கோடு தாண்டுவதை இரண்டாம் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம், விருப்பமில்லாதவர் நின்ற இடத்திலேயே நிற்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டு. பள்ளியின் மாணவர் ஆலோசகர் கூடவே தங்க வேண்டும். அதே குழுக்கள் அடுத்த சில மாதங்களும் கூடிப் பேச வேண்டும். அதற்கு நேரம் ஒதுக்காத பள்ளி மதியச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்வதே மேல்.