புதிய மருத்துவமனை: பழைய இடத்திலா, ஊருக்கு வெளியிலா, இரண்டிலுமா?

கனடாவின் விண்ட்சர் நகரத்தில் இரண்டு வளாகங்களில் இயங்கும் மருத்துவமனைக்குப் பதிலாக, விமான நிலையத்தை ஒட்டிய விவசாய நிலத்தில் ஒரே பெரிய மருத்துவமனை கட்டுவதென்று 2015-ல் முடிவானது. உடனே எதிர்ப்பும் கிளம்பியது. நகர மையத்தில் கார் இல்லாதவர்கள் இருக்கும்போது வயல்வெளியில் போய்க் கட்டுவானேன் என்று கேட்டார்கள். வழக்கு திட்டமிடல் தீர்ப்பாயம் வரை போய், 2019-ல் எதிர்த்தவர்கள் தோற்றார்கள்.

டப்ளினில் நடந்தது இதற்கு நேர்மாறு. அயர்லாந்தின் தேசியக் குழந்தைகள் மருத்துவமனைக்கு 2012-ல் நகருக்குள் இருக்கும் செயின்ட் ஜேம்ஸ் வளாகம் தேர்வானது. அங்கே வேண்டாம், எம்50 சுற்றுச்சாலைக்குப் பக்கத்தில் பிளான்சர்ட்ஸ்டவுனில் கட்டுங்கள் என்று ஒரு தரப்பு போராடியது. வெளியூரிலிருந்து நோயுற்ற குழந்தையைக் காரில் கொண்டுவரும் பெற்றோர் நகர நெரிசலில் மாட்டிக்கொள்வார்கள் என்பது அவர்கள் வாதம்.

ஒரு ஊரில் உள்ளே வேண்டும் என்றார்கள், இன்னொன்றில் வெளியே வேண்டும் என்றார்கள். இரண்டிலும் பயம் ஒன்றுதான்: எங்களால் வந்து சேர முடியாது. ஆகவே இடத்தை ஒப்பிடும்போது ஏக்கர் கணக்கை விட, யார் எதில் ஏறி எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பழைய இடத்திலேயே கட்டினால்

பேருந்துத் தடங்கள் ஏற்கெனவே அங்கே வந்து நிற்கின்றன. மருந்துக்கடைகள், தங்கும் அறைகள், ஊழியர்களின் வீடுகள் எல்லாம் சுற்றிலும் வளர்ந்துவிட்டன. வாதத்துக்கு இதுவே போதும் போலத் தோன்றும்.

ஆனால் நோயாளிகள் படுத்திருக்கும் வளாகத்தில் இடிப்பது லேசான வேலை இல்லை. இடிபாட்டுத் தூசியோடு ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சையின் வித்துக்கள் பறக்கும். நல்ல உடம்புக்கு அதனால் பெரிதாக ஒன்றும் ஆகாது. கீமோதெரபியிலோ எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சையிலோ இருப்பவருக்கு அது நுரையீரலில் இறங்கினால் உயிருக்கே ஆபத்து. அதனால் தடுப்புச் சுவர், காற்று வடிகட்டி, வார்டுகளை ஒவ்வொன்றாக இடம் மாற்றுவது என்று வேலை வருடக்கணக்கில் இழுக்கும். ‘இங்கேயே கட்டு’ என்று பதாகை பிடிப்பவர்கள் இதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

செலவும் சேர்ந்து கவலை தரும். டப்ளின் திட்டம் 2017-ல் 98.3 கோடி யூரோ, 2018 முடிவில் 143.3 கோடி, 2024-ல் 224 கோடி. ஆனால் பழியை முழுக்க இடத்தின் மேல் போட முடியாது. 2019-ல் வந்த ஆய்வறிக்கை, தொடக்க மதிப்பீட்டிலும் ஒப்பந்த முறையிலும் இருந்த ஓட்டைகளைத்தான் அதிகம் சுட்டியது. வயலில் கட்டியிருந்தாலும் அந்த ஓட்டைகள் கூடவே வந்திருக்கும்.

ஊருக்கு வெளியே கட்டினால்

காலி நிலம், தனி அறைகள், ஹெலிகாப்டர் தளம், நாளைக்கு விரிவாக்க இடம். கட்டுபவர்களுக்கு இது சொர்க்கம். சாலை, கழிவுநீர்க் குழாய், மின்பாதை எல்லாம் பெரும்பாலும் வேறு ஒருவர் கணக்கில் விழுவதால் திட்ட மதிப்பீடும் மலிவாகத் தெரியும்.

எதிர்ப்பவர்கள் எடுத்தவுடன் ஆம்புலன்ஸைப் பேசுவார்கள். அது அவர்கள் நினைப்பதைவிட பலவீனமான வாதம். லண்டனில் 2010-ல் பக்கவாத சிகிச்சையை எட்டு சிறப்பு மையங்களில் குவித்தார்கள். பலருக்கு அருகிலிருந்த மருத்துவமனையைத் தாண்டிப் போக வேண்டியதாயிற்று, இருந்தும் இறப்பு குறைந்தது. முழுக் குழுவும் தயாராக இருக்கும் இடத்துக்குப் போவது, பக்கத்தில் ஏதோ ஒரு கட்டிடத்துக்குப் போவதைவிட மேல்.

வலுவான வாதம் சைரன் இல்லாமல் வருபவர்களுடையது. வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்கு வருபவர், வெறும் வயிற்றில் ரத்தப் பரிசோதனைக்கு இரண்டு பேருந்து மாறி வரும் சர்க்கரை நோயாளி, ஷிப்ட் முடிந்து கடைசிப் பேருந்து போய்விட்டதா என்று பார்க்கும் நர்ஸ். இவர்களுக்கு ஒவ்வொரு கூடுதல் கிலோமீட்டரும் திரும்பத் திரும்ப வரும் செலவு. சிலர் போவதையே விட்டுவிடுவார்கள். அப்புறம் ஒருநாள் அதே நோயாளி ஆம்புலன்ஸில் வருவார்.

புதிய இடத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்களின் எதிர்ப்பு வேறு வகை: விளைநிலம், போக்குவரத்து, மருத்துவக் கழிவு. நகரத்துக்காரர் பேருந்து விடு என்பார், இவர் வண்டியே வேண்டாம் என்பார். ஒரே மேடையில் நின்றாலும் இருவருக்கும் ஒரே தீர்வு கிடையாது.

வெளியே கட்டி ஓரளவு சமாளித்த ஊர் டென்மார்க்கின் ஆர்ஹூஸ். நகரின் வடக்கு விளிம்பில் ஸ்கைபியில் மருத்துவமனைகளை ஒன்றாக்கினார்கள், 2017 டிசம்பரில் டிராம் வாசல் வரை வந்துவிட்டது.

இரண்டாகப் பிரித்தால்

பெரிய மருத்துவமனை ஊருக்கு வெளியே, புறநோயாளிப் பிரிவும் சிறு அவசர சிகிச்சையும் நகருக்குள். டப்ளினில் இதைத் தலைகீழாகச் செய்தார்கள். முதன்மைக் கட்டிடம் உள்ளே, துணை மையங்கள் பிளான்சர்ட்ஸ்டவுனிலும் டாலாவிலும். துணை மையங்கள் 2019-லும் 2021-லும், முதன்மைக் கட்டிடத்துக்கு முன்பே திறந்தன. இந்த வரிசைதான் எனக்குப் பிடித்தது. குறையும் உண்டு: ஆய்வகம் இரண்டு, டாக்டர் பட்டியல் இரண்டு. காசு இறுகினால் முதலில் கை வைப்பது சிறியதில்தான்.

என் கணக்கு இது. பழைய வளாகத்தில் வார்டை இடிக்காமல் புதுக் கட்டிடம் எழுப்ப ஒரு வெற்றிடம் இருந்தால் அங்கேயே கட்டலாம். இல்லையென்றால் வெளியே போகட்டும், ஆனால் டயாலிசிஸும் ரத்தப் பரிசோதனையும் ஓ.பி.யும் நகருக்குள்ளேயே இருக்க வேண்டும், ஷிப்ட் நேரத்துக்குப் பேருந்து முதல் நாளிலிருந்தே ஓட வேண்டும். இதை வாய்மொழியாகச் சொன்னால் போதாது. திட்ட அறிக்கையில் நிதி பற்றிய பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். பழைய நிலத்தை விற்று வரும் தொகை அங்கே வரவில் எழுதியிருந்தால், நகருக்குள் வைப்பதாகச் சொன்ன கிளினிக்கை எந்த இடத்தில் வைப்பார்கள் என்று மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டத்திலேயே கேட்டுவிட வேண்டும்.