கேசியோ எஃப்எக்ஸ்-991இஎக்ஸ்: அடைப்புக்குறியைக் கவனியுங்கள்

கடலூர், புதுச்சேரி பக்கம் பொறியியல் படிக்கிற பிள்ளைகள் பலரின் பையில் கிடக்கும் கால்குலேட்டர் இது. மேட்ரிக்ஸ், தொகையீடு பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதியாகிவிட்டது. பெரிய முழு எண் கொடுத்தால் என்ன செய்கிறது என்பதை மட்டும் பார்ப்போம்.

எண்ணை அடித்து = அழுத்தி, ஷிஃப்ட், ஃபேக்ட். பகாக் காரணிகள் வந்துவிடும். பத்து இலக்கம்தான் எல்லை. மொபைல் எண் நுழையும், ஆதார் எண் நுழையாது.

ஊர் பின்கோடுகளைப் போட்டுப் பாருங்கள். புதுச்சேரி 605001 = 3 × 201667. கடலூர் 607001 உடையாமல் அப்படியே நிற்கும், பகா எண். பழைய நகரம் 607003, அதுவும் பகா எண். ஆக இரண்டும் இரட்டைப் பகா எண்கள், அதாவது இரண்டே வித்தியாசமுள்ள பகா எண் ஜோடி! நடுவில் மாட்டிக்கொண்ட திருப்பாதிரிப்புலியூர் 607002 மட்டும் 2 × 3 × 11 × 17 × 541 என்று சிதறும்.

சிக்கல் 123456789-ல் தொடங்குகிறது. விடை 3² × (13717421). அடைப்புக்குறியைக் கண்டுகொள்ளாமல் 13717421 பகா எண் என்று எழுதினால் தப்பு. மூன்று இலக்கப் பகா எண்களோடு, அதாவது 997-ஓடு, கருவியின் தேடல் நின்றுவிடுகிறது. அடுத்த பகா எண் 1009, அதன் வர்க்கம் 1018081. மிச்சம் இதற்குக் கீழே இருந்தால் நிச்சயம் பகா எண். இதைத் தொட்டால் அடைப்புக்குறி விழும். 'இதற்கு மேல் தெரியாது' என்பதுதான் அதன் பொருள். 4294967297-க்கு 641 × (6700417) வரும். இந்த எண்ணுக்கு 1732-ல் கணித மேதை ஆய்லர் கண்டுபிடித்த அதே காரணி 641. இங்கே அடைப்புக்குள் இருப்பது உண்மையிலேயே பகா எண். திரையைப் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

சரி, 13717421-ஐ எப்படி உடைப்பது? 1009-லிருந்து ஒவ்வொரு பகா எண்ணாக வகுத்துப் போனால் 336-வது வகுத்தலில்தான் சிக்கும். ஃபெர்மா வழியில் போங்கள்: வர்க்கமூலத்துக்கு அடுத்த முழு எண்ணில் தொடங்கி, ஒவ்வொன்றின் வர்க்கத்திலிருந்தும் நம் எண்ணைக் கழித்து, மிச்சம் முழு வர்க்கமா என்று பார்ப்பது. வர்க்கமூலம் சுமார் 3703.7, ஆகவே 3704-ல் ஆரம்பம். 3704² − 13717421 = 2195, முழு வர்க்கம் இல்லை. 3705² − 13717421 = 9604 = 98². கூட்டிக் கழித்தால் 3803, 3607. இரண்டே படி! காரணிகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால்தான் இந்த வேகம். 641, 6700417 மாதிரி ஜோடியிடம் இது எடுபடாது.

இன்னொரு பொறி: 12345678901 ÷ 7 அடித்தால் 1763668414 என்று காட்டும், மீதியே இல்லாதது போல. திரையில் பத்து இலக்கத்துக்குத்தான் இடம். விடையிலிருந்து 1763668414-ஐக் கழியுங்கள், மறைந்திருந்த 0.42857 வெளியே வரும். அது 3/7, ஆகவே மீதி 3.

இதற்கடுத்து வந்த புதிய எஃப்எக்ஸ்-991சிடபிள்யூ மாடலில் ஃபேக்டுக்குத் தனி இடம் இல்லை. ஃபார்மேட் பொத்தானை அழுத்தி உள்ளே தேட வேண்டும். அடிக்கடி காரணி பார்ப்பவர்கள், கடையில் இருப்பு இருந்தால், இஎக்ஸையே கேட்டு வாங்கலாம்.