மாத்திரைக்கு மணி அடிப்பது எது: அலாரமா, ஆப்பா, வாட்ஸ்அப்பா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊர்களில், மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சை முடித்த பலருக்கு, நோய் திரும்பாமல் தடுக்கும் தமோக்சிஃபென் மாத்திரை 20 மில்லிகிராம் தினம் ஒன்று, 5 முதல் 10 ஆண்டு வரை. அத்தனை காலம் மறக்காமல் போடுவதுதான் பாடு.

மருந்து நினைவூட்டும் ஆப் பார்க்க நன்றாக இருக்கும். மிச்ச மாத்திரையை எண்ணும், தவறிய நாளைக் காட்டும். ஆனால் விலை குறைந்த ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் பேட்டரி மிச்சம் பிடிக்கும் அமைப்பு ஆப்பைத் தூங்க வைத்துவிடும், மணியே அடிக்காது. செட்டிங்ஸில் அந்த ஆப்பின் பேட்டரி பகுதிக்குப் போய் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' என்று மாற்ற வேண்டும். மகனோ மகளோ பக்கத்தில் இருந்தால் சரி, இல்லாவிட்டால் வேண்டாம்.

போனோடு வரும் அலாரத்துக்கு டேட்டா தேவையில்லை. செம்பனைக் காட்டுக்குள் லைன் இல்லாவிட்டாலும் அடிக்கும். இரவுச் சாப்பாட்டு நேரத்துக்கு வைத்து, தினமும் திரும்ப அடிக்கும்படி விடுங்கள். குறை ஒன்றுதான்: மணியை நிறுத்திவிட்டு மாத்திரையை மறப்பது. ஏழு அறை மாத்திரைப் பெட்டி பக்கத்தில் இருந்தால், போட்டோமா இல்லையா என்பது தெரிந்துவிடும். விட்டுப்போனால் நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள், இரண்டாகப் போடவே கூடாது.

மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு சிலருக்கு அந்தப் பக்கக் கை வீங்கலாம். அதைக் குறித்து வைக்க வாட்ஸ்அப்தான் எங்கள் தேர்வு. உங்கள் எண்ணுக்கே செய்தி அனுப்பும் வசதியைத் திறந்து, மேலே பின் பண்ணி, மறையும் செய்தியை நிறுத்திவிடுங்கள். மாதம் ஒருமுறை காலையில், தையல் டேப்பால் மணிக்கட்டையும் முழங்கைக்கு 10 சென்டிமீட்டர் மேலேயும் இரண்டு கையிலும் அளந்து, வாய்ஸில் சொல்லி வைத்தாலும் போதும். இரண்டு கைக்கும் உள்ள வித்தியாசம் முதல் அளவில் இருந்ததை விட 2 சென்டிமீட்டர் கூடினால் கிளினிக்குக்குச் சொல்ல வேண்டும். குடும்பக் குரூப்பில் மட்டும் போடாதீர்கள். டுரியான் பெலாண்டா (முள்சீத்தா) இலைக் கஷாய பார்வர்டுகளுக்கு நடுவில் உங்கள் அளவு காணாமல் போகும். அந்தக் கஷாயத்தைக் குடிக்க நினைத்தால் முதலில் மருந்தகரிடம் கேளுங்கள்.

அரசு கிளினிக் அப்பாய்ன்மென்டுக்கு அரசின் சுகாதார ஆப்பான மைசெஜாத்ரா உதவும், மாத்திரைக் கணக்கு அதன் வேலை இல்லை.

ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ திடீரென மூச்சு வாங்கினாலோ, எதிலும் பதிந்துகொண்டிருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போய், தமோக்சிஃபென் போடுவதைச் சொல்லுங்கள். இரத்தம் கட்டும் ஆபத்தைக் கூட்டுகிற மருந்து அது.