கர்ப்ப காலச் சிபிலிஸ் பரிசோதனை: ரேபிட் கிட்டா, லேப் ஆர்பிஆரா?

சிபிலிஸ் உடலுறவால் பரவும் தொற்று, கர்ப்பிணியிடமிருந்து குழந்தைக்கும் போகும். அதைக் கண்டுபிடிக்க ரேபிட் கிட்டில் வேலை சுலபம். விரல்நுனியைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் விட்டால் இருபது நிமிடத்துக்குள் கோடு தெரிந்துவிடும், இரட்டைக் கிட் என்றால் எச்ஐவியும் அதிலேயே பார்த்தாகிவிடும். கர்ப்பிணிகளுக்கு முதல் பரிசோதனையாக இந்த இரட்டைக் கிட்டையே வைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இலேயே சொல்லிவிட்டது. லேபில் செய்யும் ஆர்பிஆர் ரத்தப் பரிசோதனை அப்படியில்லை. ஊசியில் ரத்தம் எடுத்து, அதிலுள்ள தெளிந்த நீரான சீரத்தைப் பிரித்து, அட்டையில் கரித்துகள் கலந்த திரவத்தோடு சேர்த்து எட்டு நிமிடம் சுழற்ற வேண்டும். லேப் வேறு ஊரில் இருந்தால் ரிசல்ட் வருவதற்குள் அந்தப் பெண் பஸ் ஏறிப் போயிருப்பார், திரும்பி வருவாரா என்பது வேறு கதை.

ஆனால் ரேபிட்டுக்கு ஒரு சிக்கல் உண்டு. எப்போதோ வந்து குணமானவருக்கும் அது பெரும்பாலும் ஆயுசுக்கும் பாசிட்டிவ்தான் காட்டும். சிகிச்சை பலித்ததா என்பது ஆர்பிஆரில்தான் தெரியும்: சீரத்தை எத்தனை மடங்கு நீர்த்தாலும் பாசிட்டிவ் வருகிறது என்ற அளவு 1:32இலிருந்து 1:8 ஆக இறங்கினால் சரி, மருந்து வேலை செய்கிறது.

என் ஓட்டு முதல் விசிட்டில் ரேபிட்டுக்கே. பிரசவத்துக்கு 30 நாளாவது முன்னால் பென்சாத்தின் பென்சிலின் போட்டால்தான் குழந்தைக்குப் பாதுகாப்பு என்பதால், பாசிட்டிவ் வந்தால் அலர்ஜி உண்டா என்று கேட்டுவிட்டு, டாக்டர் சொல்படி அன்றே ஊசி. அதற்கு முன்பே ஆர்பிஆருக்கும் ரத்தம் எடுத்து அனுப்பிவிடுங்கள், அப்புறம் ஒப்பிட வேண்டியிருக்கும்.