மெட்டி ஒலியை இரண்டு முறை முழுதாகப் பார்த்தபின்

ஒரு தொடரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல வேண்டுமென்றால் கடைசி அத்தியாயம் வரை பார்த்திருக்க வேண்டும் என்பது என் கட்சி. ‘மெட்டி ஒலி’ 2002 முதல் 2005 வரை சன் டிவியில் வந்தபோது விடாமல் பார்த்தேன். 2020 ஊரடங்கில் மறு ஒளிபரப்பானபோது மறுபடியும் பார்த்தேன். எண்ணூறுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள். அந்த உரிமையில் சொல்கிறேன்: திருமுருகன் இயக்கிய தொடர்களில் இதற்கு இணையாக இன்னொன்றை நான் பார்க்கவில்லை.

முதல் முறை பார்க்கும்போது அடுத்து என்ன ஆகும் என்ற பதைப்பே நம்மை இழுத்துக்கொண்டு போகும். இரண்டாம் முறை அந்தப் பதைப்பு இல்லை, மனிதர்கள்தான் மிஞ்சுகிறார்கள். தாயில்லாத ஐந்து பெண்களை வளர்த்துக் கரையேற்றும் சிதம்பரமாக டெல்லி குமார் நடித்திருக்கிறார். மகளைக் கட்டிக்கொடுத்த பிறகும் தகப்பனின் கவலை தீர்வதில்லை, சம்பந்தி வீட்டு வாசலில் அவருடைய குரல் தாழ்ந்துதான் போகிறது என்பதை இந்தத் தொடர் பொறுமையாகக் காட்டியது. அந்தப் பொறுமைக்கு இத்தனை அத்தியாயங்கள் தேவைப்பட்டன என்றே நினைக்கிறேன்.

அந்த ஐந்து பெண்களில் ஒருத்தியான சரோவின் கதை இன்றும் நெஞ்சை அறுக்கிறது. தாய் சொல்லே வேதம் என்று இருக்கும் அவள் கணவன் மாணிக்கமாகச் சேத்தனும், அந்தத் தாய் ராஜமாகச் சாந்தி வில்லியம்ஸும் நடித்தார்கள். நாங்கள் இருப்பது குமுளியில். இரவில் முறத்தில் ஏலக்காயைக் கொட்டி, வெடித்த காயையும் நிறம் மங்கிய காயையும் தனித்தனியாக ஒதுக்கிக்கொண்டேதான் என் மாமியார் டிவி பார்ப்பார். ராஜம் வாயைத் திறந்தால் அவர் கை நின்றுவிடும். “இவளை யாரும் கேட்க மாட்டார்களா?” என்பார். பக்கத்து வீட்டு மலையாளச் சேச்சிக்கு வேகமான தமிழ் பிடிபடாது. ஆனாலும் ராஜத்துக்கு மட்டும் அவருக்கு விளக்கம் தேவைப்பட்டதே இல்லை. ஒரு மாமியாரும் ஒரு சேச்சியும் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு மருமகளுக்காகக் கோபப்பட்டதை, இந்தத் தொடருக்குக் கிடைத்த பெரிய மரியாதையாகவே நான் கருதுகிறேன்.

குறையும் உண்டு. நடுப்பகுதியில் ஒரே சண்டை வேறு வேறு வீட்டில் நடக்கிறது. அடிபட்டுக்கொண்டே பொறுத்துப் போகும் பெண்ணை அத்தனை காலம் காட்டியிருக்கவும் வேண்டாம். இன்று என் மகளோடு உட்கார்ந்து பார்க்க நேர்ந்தால், அந்தக் காட்சிகளில் நிறுத்திப் பேசாமல் என்னால் நகர முடியாது.

மெட்டி ஒலியைத் தவிர, சேச்சி வீட்டில் பார்த்து முடித்தது ‘கேரள கிரைம் ஃபைல்ஸ்’ என்ற மலையாள இணையத் தொடரின் முதல் பருவம். 2023-இல் வந்தது, ஆறே அத்தியாயங்கள். லாட்ஜில் ஒரு கொலை. பதிவேட்டில் இருப்பது பொய் முகவரி. அதை வைத்துக்கொண்டு போலீஸ் தேடுகிறது, அவ்வளவுதான் கதை. கார்த்திகை, மார்கழியில் சபரிமலை போகும் கூட்டத்தால் லாட்ஜ்கள் நிரம்பி வழியும் ஊர் எங்களுடையது. பதிவேட்டில் அவசரமாகக் கிறுக்கிவிட்டுச் சாவியை வாங்கிப் போகிறவர்களை நாளெல்லாம் பார்க்கிறவர்களுக்கு, அந்த ஒற்றை வரி எவ்வளவு பெரிய புதிர் என்பது சட்டென்று உறைக்கும். அஜு வர்கீஸ் குரலை உயர்த்தாமலே ஒரு எஸ்.ஐ.யின் களைப்பைக் கொண்டுவந்துவிடுகிறார்.

தமிழில் அதற்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்தது 2022-இல் வந்த ‘விலங்கு’. ஏழு அத்தியாயங்கள். விமலின் நடிப்பும், காவல் நிலையத்தின் அன்றாட அலுப்பும் மனதில் நிற்கின்றன. வன்முறை கடுமையாக இருக்கிறது, குழந்தைகளை உட்காரவைக்க வேண்டாம்.

எப்படிப் பார்ப்பது என்று கேட்டால்: ‘விலங்கு’ போன்றவற்றை ஒரு விடுமுறை நாளில் முடித்துவிடலாம். ‘மெட்டி ஒலி’யை அப்படி விழுங்கக் கூடாது, ஒரே நாளில் பத்து அத்தியாயம் பார்த்தால் அழுகை மட்டும்தான் தெரியும். நாளுக்கு ஒன்றிரண்டு போதும், முடிந்தால் வீட்டில் இன்னொருவரோடு. அடுத்து நாங்கள் எடுத்திருப்பது அதே இயக்குநரின் ‘நாதஸ்வரம்’. காரைக்குடிக் குடும்பம், மௌலியின் நடிப்பு. சேச்சியும் வருகிறார்.