டி-34 மேல் பனிக்கால வெள்ளை: ஹேர்ஸ்பிரேயா, ஆயில் கலரா?

என் அலமாரியில் இரண்டு டி-34 டாங்குகள் நிற்கின்றன. இரண்டாம் உலகப் போரில் சோவியத் படை ஓட்டிய டாங்கின் 1/35 அளவு பிளாஸ்டிக் மாடல்கள் இவை. அறுகோணக் கோபுரமும் 76 மி.மீ. பீரங்கியும் கொண்ட வகை. இரண்டுக்கும் அடியில் அதே 4பிஓ பச்சை (சோவியத் டாங்குகளின் வழக்கமான நிறம்), மேலே பனியில் மறைவதற்கான பனிக்கால வெள்ளை. முதலாவதற்கு ஹேர்ஸ்பிரே முறையில் வெள்ளை ஏற்றினேன், இரண்டாவதற்கு ஆயில் கலரில். மூன்றாவது பெட்டி பரணில் பிரிக்காமல் கிடக்கிறது. அதற்கு ஆயில் கலர்தான் என்று முடிவு செய்துவிட்டேன். ஆகவே இதை நடுநிலையான தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஹேர்ஸ்பிரே முறை பலருக்கும் தெரிந்ததுதான். பச்சையடித்துக் காயவிட்டு, வார்னிஷ் கொடுத்து, அதன் மேல் சாதாரண ஹேர்ஸ்பிரேயை மெல்லியதாக இரண்டு தடவை பீய்ச்ச வேண்டும். அது காய்ந்ததும் ஏர்பிரஷில் அக்ரிலிக் வெள்ளை. பிறகு வெள்ளையைத் தண்ணீரால் நனைத்து, மொட்டையான தூரிகையால் தேய்த்தால், அடியிலிருக்கும் ஹேர்ஸ்பிரே கரைந்து வெள்ளை பொடிப்பொடியாகப் பெயரும். தமியா நிறுவனத்தின் அக்ரிலிக் வெள்ளை இதற்கு நன்றாக ஒத்துழைக்கும். ரப்பர் போலப் படலம் கட்டும் சில அக்ரிலிக்குகள் தோலுரிவது போல் வரும். அவற்றைத் தவிர்ப்பது நல்லது. கடையில் விற்கும் சிப்பிங் திரவங்களும் இதே வேலையைச் செய்பவைதான். நான் ஒரே ஒரு புட்டி வாங்கி, கருவிப் பெட்டிகளில் மட்டும் பயன்படுத்திப் பார்த்தேன், குறை சொல்ல எதுவுமில்லை. உப்புக்கல் ஒட்டி, மேலே வெள்ளையடித்து உதிர்க்கும் பழைய முறையை ஒரு முறை முயன்றேன். வெள்ளை, பூரான் கடித்த தடிப்பு போல் ஆங்காங்கே திட்டாக நின்றது. அதோடு அதை விட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். டாங்கின் மேல் பூசிய வெள்ளை எப்படி அழியும் என்பது நமக்குத் தெரியாத சங்கதி அல்ல. போர்முனையில் பூசியது பெரும்பாலும் சுண்ணாம்பும் சாக்குக்கட்டியும் கரைத்த குழம்புதான். வசந்தம் வந்ததும் கழுவிவிட வேண்டும் என்பதால் அது கழுவப்படக் கூடியதாகவே இருந்தது. எதிர்ப்பக்கத்திலும் இதே கதைதான்: 1941 டிசம்பரில் மாஸ்கோவுக்கு வெளியே நின்ற ஜெர்மானியர்களிடம் பனிக்கால வண்ணம் போதிய அளவில் இல்லை. சுண்ணாம்பு, சாக்குக்கட்டி, படுக்கை விரிப்பு என்று கிடைத்ததையெல்லாம் பயன்படுத்தினார்கள். பூசிய கருவியும் அப்படித்தான்: அகலமான தூரிகை, துடைப்பம், கந்தல் துணி.

பொங்கலுக்கு முன் வெள்ளையடித்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதில் விளக்க வேண்டியது எதுவும் இல்லை. நார் மட்டையைத் தொட்டிக்குள் முக்கி இழுத்தால், சுவரில் ஒரு பக்கம் தடிப்பாகவும் மறுபக்கம் பழைய நிறம் தெரியும்படி மெல்லியதாகவும் விழும். அதில் சாய்ந்தால் சட்டையின் முதுகில் வெள்ளை ஒட்டும். மழை பட்டால் கோடுகோடாக வழியும். நாள்பட்ட பழைய சுண்ணாம்பு ஏடு ஏடாக உதிர்வது உண்டு. ஆனால் ஒரே குளிர்காலத்துக்கு மெல்லியதாகப் பூசியது முதலில் செய்வது தேய்ந்து மெலிவதுதான். ஹேர்ஸ்பிரே தருவது உதிரும் வெள்ளையை. ஆயில் கலர் தருவது மெலியும் வெள்ளையை. என் இரண்டு டாங்குகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் நண்பர்கள், காரணம் சொல்லத் தெரியாமலேயே இரண்டாவதைத்தான் கையில் எடுக்கிறார்கள்.

அளவையும் யோசிக்க வேண்டும். நிஜ டாங்கில் ஒரு சென்டிமீட்டர் கீறல், 1/35-இல் 0.3 மில்லிமீட்டருக்கும் குறைவு. பத்து சென்டிமீட்டர் அகலத் தூரிகையின் ஓர் இழுப்பு, மூன்று மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. ஹேர்ஸ்பிரேயில் உதிரும் பொருக்குகள் பல நேரம் நிஜத்தில் உள்ளங்கை அளவுக்குச் சமமாகிவிடுகின்றன. ஆயில் கலரில் மூன்று மில்லிமீட்டர் தட்டைத் தூரிகையை எடுத்து, அந்தச் சிப்பாய் இழுத்தது போலவே இழுக்கலாம்.

ஆனால் என் மனத்தை மாற்றியது தோற்றம் அல்ல. செய்த தவற்றை எத்தனை நாள் கழித்துத் திருத்த முடியும் என்பதுதான்.

முதல் டாங்கை நவம்பர் மழைக்காலத்தில், சென்னையில் செய்தேன். ஹேர்ஸ்பிரே காய்ந்துவிட்டது என்று தொட்டுப் பார்த்து நம்பினேன். காற்றின் ஈரத்தில் அது பிசுபிசுப்பாகவே இருந்திருக்க வேண்டும். வெள்ளையடித்து அரை மணி நேரம் கழித்து, கோபுரத்தின் இடது பக்கத்தில் நனைத்த தூரிகையை ஒரு முறைதான் வைத்தேன். அவித்த முட்டையின் ஓடு போல, நகத்தளவுக்கு வெள்ளை அப்படியே நழுவி வந்தது. அதைச் சரிக்கட்ட மறுபடி ஹேர்ஸ்பிரே, மறுபடி வெள்ளை. ஓரம் தடித்து, சுவரில் சுவரொட்டி ஒட்டியது போல் ஆயிற்று. பயந்துபோய் உடலின் வலப்பக்கத்தை மறுநாளுக்குத் தள்ளிவைத்தேன். மறுநாள் வெள்ளை இறுகிவிட்டது. அழுத்தித் தேய்த்ததில் பச்சையும் சேர்ந்து போய் உள்ளிருந்த சாம்பல் பிரைமர் (அடிப்பூச்சு) எட்டிப் பார்த்தது. முந்தின நாள் சீக்கிரம், அடுத்த நாள் தாமதம். நடுவில் இருக்கும் அந்த ஓரிரு மணி நேரத்துக்குள் முழு டாங்கையும் முடிக்க வேண்டும். 5.92 மீட்டர் நீள உடல் என்றால் மாடலில் 17 சென்டிமீட்டர்தான். ஆனால் அதில் சக்கரங்கள், பிடிகம்பிகள், எரிபொருள் உருளைகள் என்று எத்தனை மூலை முடுக்கு!

ஆயில் கலரில் இந்த ஓட்டம் இல்லை. டைட்டானியம் வெள்ளையை ஓர் அட்டைத் துண்டின் மேல் பிதுக்கி இரண்டு மணி நேரம் விட்டுவிடுகிறேன். ஆளி விதை எண்ணெயின் பெரும்பகுதியை அட்டை உறிஞ்சிவிட, வெள்ளை பளபளப்பில்லாமல் காய்கிறது. துளி மண் நிறம் கலக்கிறேன். நம் வீட்டில் சுண்ணாம்பில் நீலம் கலப்போம். டாங்குக்கு அது எடுபடாது, சலவை வெள்ளையாகப் பளிச்சிடும். வார்னிஷ் நன்றாகக் காய்ந்த பச்சையின் மேல், ஒரு தகட்டை மட்டும் ஒயிட் ஸ்பிரிட்டால் (ஆயில் கலரைக் கரைக்கும் தின்னர்) லேசாக ஈரப்படுத்தி, வெள்ளையைப் புள்ளி புள்ளியாக வைத்து, கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகையால் மேலிருந்து கீழாக இழுக்கிறேன். பிடிக்கவில்லையா, ஒயிட் ஸ்பிரிட் தொட்ட தூரிகையால் துடைத்தால் பச்சை பழையபடி. இன்றிரவு ஒரு பக்கம், நாளை மறுநாள் இன்னொரு பக்கம். நான்காம் நாள் கோபுர எண் பக்கம் வந்தபோது, எண்ணைச் சுற்றிப் பச்சையை விட்டுப் பூசும் வழக்கம் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஏற்கெனவே பூசியிருந்த இடத்தைத் துடைத்துவிட்டு மறுபடி செய்தேன். ஹேர்ஸ்பிரேயில் இது நடக்காது.

இதற்கும் விலை உண்டு. ஆயில் வெள்ளை காய ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. அதற்குள் வீட்டுத் தூசியெல்லாம் வந்து உட்காரும். கேக் பெட்டியின் பிளாஸ்டிக் மூடிதான் எனக்கு உதவுகிறது. காய்ந்த பிறகும் நேராகச் சேற்று வண்ணமும் எனாமல் வாஷும் (அழுக்குத் தோற்றத்துக்கு நீர்க்கப் பூசும் வண்ணம்) ஏற்றக் கூடாது. தின்னர் பட்டால் வெள்ளை கிளம்பிவிடும். மேட் வார்னிஷ் ஒரு தடவை கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. ஆளி எண்ணெய் நாளடைவில் மஞ்சளிக்கும் என்பது ஓவியர்கள் அறிந்தது. என் டாங்குக்கு ஒன்றரை வயதுதான் ஆகிறது, இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது. அந்தப் பயம் இருப்பவர்கள் குசும்பப்பூ எண்ணெயில் அரைத்த வெள்ளையை வாங்கலாம். அது அவ்வளவாக மஞ்சளிக்காது, ஆனால் காய்வதற்கு இன்னும் அதிக நாள் எடுக்கும்.

ஹேர்ஸ்பிரே அடியோடு வேண்டாம் என்றும் சொல்ல மாட்டேன். பூட்ஸ் ஏறி இறங்கும் சேற்றுத் தடுப்புகள், கல்லில் உரசும் சக்கர விளிம்புகள், கருவிப் பெட்டி மூலைகள்: இங்கெல்லாம் வெள்ளை உதிரவே செய்யும், அந்த ஒழுங்கின்மையைக் கையால் வரைவது கடினம். சக்கரங்களைத் தனியே கழற்றி வைத்து, வெயில் நாளில் ஹேர்ஸ்பிரே முறையில் முடித்துவிட்டால் பத்து நிமிட வேலை. செலவு இரண்டுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஏர்பிரஷ் இல்லாதவர்களுக்கு ஆயில் கலர்தான் எளிய வழி என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். அடிப்பச்சையை ஸ்பிரே டப்பாவில் அடித்துக்கொண்டால் போதும். 1/72 டாங்கில் இரண்டையும் நான் செய்து பார்த்ததில்லை.

மூன்றாவது டி-34-க்குத் திட்டம் தயார். கோபுரத்திலும் உடலிலும் இருக்கும் பிடிகம்பிகளைச் சுற்றிக் கவனமாக வேலை செய்யப்போகிறேன். காலாட்படையினர் அந்தக் கம்பிகளைப் பிடித்துக்கொண்டுதான் டாங்கின் மேல் பயணம் செய்தார்கள். பின் தளத்தில் அவர்கள் உட்கார்ந்த இடத்தில் வெள்ளை உதிர்ந்திருக்காது; கோட்டு உரசி உரசி மெலிந்து, பச்சை மங்கலாகத் தெரிந்திருக்கும். இரண்டாவது டாங்கில் அந்த இடத்தை மறந்துவிட்டேன். வார்னிஷ் அடித்த பிறகுதான் கண்ணில் பட்டது.