லைசென்ஸ் சர்வரோடு குடித்தனம்: ஒரு சிமுலேஷன் மென்பொருள் அனுபவம்

எங்கள் ஆய்வகத்தில் பாய்மவியல் சிமுலேஷனுக்குப் பல வருடமாக ஒரு வணிக மென்பொருளைத்தான் பயன்படுத்துகிறோம். கணக்கீட்டில் எனக்குக் குறையே இல்லை. தலைவலியெல்லாம் அதைத் திறக்கும்வரைதான்.

இந்த வகை மென்பொருள்கள் பலவும் ஃப்ளெக்ஸ்நெட் என்ற லைசென்ஸ் மேலாளரை வைத்து ஓடுபவை. லைசென்ஸ்கள் ஒரு சர்வர் கணினியில் இருக்கும், மென்பொருளைத் திறக்கும்போது அங்கே போய் ஒன்றைக் கேட்டு வாங்கும். 'லைசென்ஸ் கிடைக்கவில்லை' என்று வந்ததும் விற்பனையாளருக்குப் போன் போடாமல், கூடவே வரும் எண்ணைப் பாருங்கள். மைனஸ் 15 என்றால் சர்வரைத் தொடர்புகொள்ளவே முடியவில்லை. மைனஸ் 4 என்றால் இருக்கிற லைசென்ஸ் எல்லாம் பிறர் கையில். மைனஸ் 5 என்றால் நீங்கள் கேட்கும் மாட்யூல் லைசென்ஸ் கோப்பிலேயே இல்லை. இதற்கு மட்டும் போன் போடலாம்.

எங்களைப் படாதபாடு படுத்தியது மைனஸ் 15. சர்வர் கணினியில் மென்பொருள் ஜம்மென்று திறக்கும், பக்கத்து அறையில் திறக்காது. ஃபயர்வாலில் 27000 போர்ட் திறந்துதான் இருந்தது. ஆனால் அங்கே ஓடுவது இரண்டு நிரல்கள். 27000-இல் இருக்கும் எல்எம்ஜிஆர்டி வாசலில் நிற்கும் காவலாளி மாதிரி. லைசென்ஸை எடுத்துக் கொடுப்பது மென்பொருள் நிறுவனத்தின் தனி டீமன், அதாவது பின்னணியில் ஓடும் நிரல். அதற்கு போர்ட் குறிப்பிடாவிட்டால், மறுதொடக்கம் ஆகும்போதெல்லாம் ஏதோ ஓர் எண்ணைப் பிடித்துக்கொள்ளும். லைசென்ஸ் கோப்பை நோட்பேடில் திறந்து, வெண்டர் என்று தொடங்கும் வரியின் கடைசியில் போர்ட் எண்ணாக 27001-ஐச் சேர்த்தோம். இரண்டு போர்ட்டையும் ஃபயர்வாலில் திறந்து, சர்வரை மறுபடி ஓட்டினோம், தீர்ந்தது. கோப்பைத் தொட்டால் செல்லாதே என்று பயப்பட வேண்டாம். சர்வர் பெயரையும் போர்ட்டையும் மாற்றலாம். சர்வர் கணினியின் அடையாளமான ஹோஸ்ட்ஐடியில் மட்டும் கை வைக்கக் கூடாது. அது பெரும்பாலும் நெட்வொர்க் கார்டின் மேக் முகவரி. யூஎஸ்பி லேன் அடாப்டரின் முகவரியைக் கொடுத்து லைசென்ஸ் வாங்கினால், அந்த அடாப்டரை யாராவது கழற்றிய அன்று வேலை நின்றது.

லினக்ஸில் இன்னொரு கூத்து. அந்தக் காவலாளி நிரலான எல்எம்ஜிஆர்டியின் கோப்பு கண்ணெதிரே இருக்கும். ஓட்டினால் 'அப்படி ஒரு கோப்பே இல்லை' என்று வரும். உண்மையில் அது தேடும் எல்எஸ்பி லோடர்தான் (நிரலை ஏற்றி ஓடவைக்கும் சிஸ்டம் கோப்பு) காணோம். எல்எஸ்பி-கோர் தொகுப்பை நிறுவலாம், கிடைக்காவிட்டால் சிஸ்டத்தின் வழக்கமான லோடருக்கு அந்தப் பெயரில் ஒரு சிம்லிங்க் (குறுக்குவழி) போட்டால் போதும்.

மைனஸ் 4 வந்தால் எல்எம்ஸ்டாட் கட்டளையை ஓட்டுங்கள். யார், எந்தக் கணினியில், எப்போதிலிருந்து பிடித்து வைத்திருக்கிறார் என்று காட்டிவிடும். எங்களிடம் அது அநேகமாக ஜன்னலை மூடாமல் சாப்பிடப் போன ஆள்தான்.

இந்தப் பாடே வேண்டாம் என்பவர்களுக்கு 2004 முதல் திறந்த மூலமாகக் கிடைக்கும் ஓப்பன்ஃபோம் என்ற பாய்மவியல் மென்பொருள் இருக்கிறது, லைசென்ஸ் சர்வர் கிடையாது. ஆனால் எல்லை நிபந்தனைகளையெல்லாம் டெக்ஸ்ட் கோப்பில் எழுதிப் பழக வேண்டும். புதிதாக வரும் மாணவர்களை அதில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அதனால் இந்த வருடமும் பழையதைப் புதுப்பிக்கத்தான் சொல்லியிருக்கிறேன்.